வாசகர் கேள்வி: டாலி மட்டும் போதுமா?

கேள்வி: தக்கலை அருகே வசிக்கிறேன். பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு படித்தேன். திருமணத்துக்குப் பின் வேலைக்குச் செல்லவில்லை. இப்போது ஒரு சமுதாயக் கல்லூரியில் ஓராண்டு கணக்குப் பதிவியல் பட்டயப் படிப்பில் சேர எண்ணுகிறேன். தோழியோ கணக்கு எழுதும் மென்பொருளான டாலியில் மூன்று மாதப் பயிற்சியே போதும் என்கிறாள். வணிகவியல் படிக்காத எனக்கு எது நல்லது?
- ஒரு வாசகி

பதில்: வணிகவியல் படிக்காதது தடையே அல்ல, சகோதரி. பற்று எது, வரவு எது என்பது பிடிபடும்வரைதான் சிரமம். சதவீதக் கணக்கில் தடுமாறாதவருக்கு அதுவும் விரைவில் வசப்பட்டுவிடும்.

தோழியின் யோசனையை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. டாலி கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ஆனால், அடிப்படை தெரியாமல் அதைக் கற்றவர் எங்கே தவறினோம் என்று கண்டுபிடிக்க இயலாமல் திணறுவார். மார்த்தாண்டத்தில் ஒரு பெயின்ட் கடை 1,00,000 ரூபாய்ச் சரக்கைத் தக்கலைக் கடைக்கு விற்றால், 18 சதவீத ஜிஎஸ்டியில் 9,000 மத்திய வரியாகவும் 9,000 மாநில வரியாகவும் பதிவாக வேண்டும். அதே சரக்கு களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்தின் பாறசாலைக்குப் போனால், 18,000 ரூபாயும் ஒருங்கிணைந்த வரி. டாலியில் அந்த வாங்குபவர் பெயரிலுள்ள பேரேட்டுக் கணக்கில் மாநிலம் தமிழ்நாடு என்று தவறாக இருந்தால், மென்பொருள் அதையே நம்பி வரியைப் பிரித்துவிடும். பிறகு சரியான வரியைச் செலுத்திவிட்டு, தவறாகக் கட்டியதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். கேரள எல்லையை ஒட்டிய நம் மாவட்டத்தில் இது அன்றாட விஷயம். மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்யும் நிறுவனங்களில் 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரமும் 20ஆம் தேதிக்குள் வரிக் கணக்கும் போயாக வேண்டும் என்பதால், பிழையைத் தானே கண்டு திருத்துபவரைத்தான் முதலாளிகள் விரும்புகிறார்கள்.

சமுதாயக் கல்லூரி முறையின் சிறப்பே, வகுப்போடு பணியிடப் பயிற்சியும் சேர்ந்திருப்பதுதான். எனவே கட்டணம் செலுத்துமுன் பட்டயத்தை எந்தப் பல்கலைக்கழகம் வழங்குகிறது, பயிற்சிக்கு எந்த ஆடிட்டர் அலுவலகத்துக்கு அல்லது நிறுவனத்துக்கு அனுப்புவார்கள், அங்கே உண்மையான பில்களையும் வங்கி அறிக்கையையும் கையாள விடுவார்களா என்று நேரில் கேளுங்கள். தெளிவான பதில் வராத இடத்தில் சேர வேண்டாம்.

பட்டயம் கையில் கிடைத்தவுடன் பெரிய சம்பளம் வந்துவிடாது. கணக்கு உதவியாளராகத்தான் தொடங்க நேரும். முந்திரி ஆலையானாலும் ஜவுளிக்கடையானாலும் முதல் வேலையைத் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். சேரும்வரை, தமிழக அரசின் பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் பதிவியல் பாடநூலை இணையத்தில் இலவசமாக இறக்கி, குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு ஆகிய பாடங்களின் கணக்குகளைக் கையால் எழுதிப் போட்டுப் பாருங்கள்.