எல்கேஜிக்கு முன்பே எழுதப் பழக்க வேண்டுமா?

கேள்வி: என் மகனுக்கு மூன்றரை வயது. வரும் ஜூனில் எல்கேஜி சேர்க்கப் போகிறோம். பக்கத்து வீட்டுப் பையன் ஏ முதல் இசட் வரை எழுதுகிறான். இவன் பென்சிலைக் கண்டாலே ஓடிவிடுகிறான். போனைக் காட்டி மாமியார் ஊட்டினால்தான் சாப்பிடுகிறான். இப்போதே எழுதப் பழக்க வேண்டுமா? – வாசகி, திருப்பூர்

பதில்: எழுத்தை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். மணிக்கட்டில் உள்ள 8 சிறு எலும்புகளில் பல, இந்த வயதில் இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும். விரல் தசைகளும் வலுப்பட்டிருக்காது. நீங்கள் போட்டுக் காட்டினால் அதைப் பார்த்து ஒரு வட்டம் போடுகிறானா? அது போதும். தன் பெயரில் சில எழுத்துகளை எழுதுவதெல்லாம் ஐந்து வயதையொட்டி வருவது. தேசியக் கல்விக் கொள்கை 2020-ம் 3 முதல் 8 வயது வரையிலான கட்டத்தில் விளையாட்டு வழியாகக் கற்பதையே முன்வைக்கிறது.

எனக்குக் கவலை தருவது அந்தப் போன்தான். திரையைப் பார்த்தபடி வாய் திறக்கும் குழந்தைக்கு வயிறு நிறைந்தது தெரியாது. அதோடு, ஜூனில் வகுப்பில் டப்பாவைத் திறந்து வைத்து உட்காரும்போது ஊட்டிவிட ஆள் இருக்காது.

காலை டிபனில் தொடங்குங்கள். இட்லியும் தோசையும் பிய்த்துச் சாப்பிட எளிது. குழம்பு சாதம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் எல்லோரும் சாப்பிடும்போது அவனுக்கும் ஒரு தட்டு வையுங்கள். பாதி கீழே சிந்தும், சிந்தட்டும். அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். மிச்சம் வைத்தால் துரத்தித் துரத்தி ஊட்ட வேண்டாம், அடுத்த வேளைக்குப் பசிக்கும். பள்ளிக்குக் கொடுத்தனுப்பப் போகும் டப்பாவை இப்போதே வாங்கி, அவனையே திறந்து மூடச் சொல்லுங்கள்.

பேரன் பட்டினி கிடக்கிறானே என்று மாமியார் பதறுவார். அந்தப் பாசத்தைக் குறை சொல்ல முடியாது. "ஊட்டாதீங்க" என்பதைவிட, "அத்தை, நீங்களும் அவன்கூட உட்கார்ந்து சாப்பிடுங்க, உங்களைப் பார்த்து அவனும் சாப்பிடுவான்" என்று சொல்லிப் பாருங்கள். 3, 4 வயதுக் குழந்தைகளுக்குத் திரை நேரம் நாளுக்கு 1 மணியைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் கூறியது. ராத்திரி பாட்டி கதை சொன்னால் போன் தானாகக் குறையும், பேச்சும் வளரும்.

விரல்களுக்குப் பயிற்சி சமையலறையிலேயே இருக்கிறது: கீரை ஆய்வது, சப்பாத்தி மாவு உருட்டுவது, பட்டாணி உரிப்பது. பட்டாணியை மட்டும் மூக்கில் போட்டுக்கொள்ளாமல் பக்கத்திலிருந்து பாருங்கள்.

கழிப்பறைக்குப் போக வேண்டும் என்பதை டீச்சருக்குப் புரிகிற வார்த்தையில் சொல்லப் பழக்குங்கள். வீட்டுக்குள் மட்டும் புரியும் சைகை அங்கே உதவாது. பெல்ட், ஜிப் வேண்டாம், எலாஸ்டிக் வைத்த டிரவுசர் போதும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அவன் பேசுவது வெளியாட்களுக்குப் பெரும்பாலும் புரியவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, முன்பு பேசிய சொற்களை இப்போது பேசுவதில்லை என்றால் உடனே குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். காது கேட்கும் திறனையும் சோதிக்கச் சொல்லுங்கள். குழந்தைகளின் வளர்ச்சித் தாமதத்தைக் கவனிக்கவென்றே பல மாவட்டங்களில் அரசு மருத்துவமனையில் தனி மையம் உண்டு. அங்கே பரிசோதனையும் பயிற்சியும் இலவசம்.