நகரத்தில் ஒரே ஓட்டுதானா?

கேள்வி: பண்ருட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த நான், திருமணமாகிக் கடலூர் மஞ்சக்குப்பத்துக்கு வந்திருக்கிறேன். 2019-ல் ஊரில் வாக்களித்தபோது நான்கு சீட்டுகள் கொடுத்தார்கள். மாநகராட்சித் தேர்தலிலும் அப்படித்தானா? மேயருக்குத் தனி ஓட்டு உண்டா? என் வாக்காளர் அட்டையில் இன்னும் பிறந்த வீட்டு முகவரிதான் இருக்கிறது.
– ஒரு வாசகி, மஞ்சக்குப்பம்

பதில்: ஊரில் உங்களுக்குத் தந்த சீட்டுகளில் வெள்ளை வார்டு உறுப்பினருக்கும், இளஞ்சிவப்பு ஊராட்சித் தலைவருக்கும், பச்சை ஒன்றியக் கவுன்சிலருக்கும், மஞ்சள் மாவட்டக் கவுன்சிலருக்கும் உரியவை. நகரத்தில் இத்தனை அடுக்குகள் இல்லாததால், உங்கள் வார்டின் கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு வாக்குத்தான். சீட்டில் முத்திரை குத்தும் வேலையும் இல்லை. 2022 பிப்ரவரி 19 அன்று நடந்த தேர்தலில் மின்னணு இயந்திரமே வைக்கப்பட்டது.

மேயருக்குத் தனி ஓட்டு கிடையாது. 2011-ல் மேயர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2019-ல் அந்த முறை மாற்றப்பட்டு, கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுக்கும் மறைமுக முறை வந்தது. கடலூர் 2021-ல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்த பிறகு நடந்த முதல் தேர்தலில், 45 வார்டுகளிலும் வென்ற கவுன்சிலர்கள் மார்ச் 4 அன்று வாக்களித்துத்தான் மேயர் பதவி நிரப்பப்பட்டது. ஆகவே குப்பை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றுக்காக நீங்கள் தேடிப் போகவேண்டிய கவுன்சிலரையும், மாநகராட்சியை நடத்தப்போகும் மேயரையும் அந்த ஒரு பொத்தானே தீர்மானிக்கிறது. மேயரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை மக்களிடமே இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

உங்கள் கடிதத்தில் உண்மையில் அவசரமானது கடைசி வரிதான். உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம் என்றாலும், வார்டு வாரியான பட்டியல் சட்டமன்ற வாக்காளர் பட்டியலிலிருந்தே பிரித்து எடுக்கப்படுகிறது. அந்தப் பட்டியலில் பெயர் பிறந்த ஊரிலேயே இருந்தால், மஞ்சக்குப்பத்தில் எத்தனை ஆண்டுகள் குடியிருந்தாலும் இங்கே வாக்களிக்க முடியாது. புதிதாகப் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6-ஐ நிரப்பிவிடாதீர்கள். ஒருவர் பெயர் இரண்டு இடங்களில் இருக்கக் கூடாது. முகவரி மாற்றத்துக்கு உரியது படிவம் 8. தேர்தல் அறிவிப்பு வரட்டும் என்று காத்திராமல், இப்போதே உங்கள் பகுதியின் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கொடுத்துவிடுங்கள், இணையத்திலும் விண்ணப்பிக்கலாம். பட்டியலில் பெயர் இந்த முகவரிக்கு மாறிய பிறகு வார்டு எண்ணையும் பார்த்துக்கொள்ளுங்கள். தெருவின் ஒரு பக்கம் ஒரு வார்டிலும் எதிர்ப்பக்கம் வேறொரு வார்டிலும் இருப்பது உண்டு என்பதால், எதிர்வீட்டுக்காரர் போகும் சாவடியே நமக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

கேள்வி: நிற்பவர்களில் ஒருவரையும் பிடிக்கவில்லை என்றால் நோட்டாவை அழுத்தலாமா? பூத் சிலிப் மட்டும் எடுத்துச் சென்றால் போதுமா?
– ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: 2022 நகர்ப்புறத் தேர்தலில் சட்டமன்றத் தேர்தலைப் போல நோட்டாப் பொத்தான் இல்லை; நாம் அழுத்திய சின்னத்தைச் சில விநாடிகள் காட்டும் ஒப்புகைச் சீட்டும் இல்லை. நீலப் பொத்தானை அழுத்தியதும் சிவப்பு விளக்கு எரிந்து, ‘பீப்’ ஒலி கேட்டால் வாக்குப் பதிவாகிவிட்டது என்று பொருள்.

பூத் சிலிப் உங்கள் சாவடியையும் வரிசை எண்ணையும் காட்டுமே தவிர, நீங்கள் யார் என்பதற்கு அடையாளமாகாது. வாக்காளர் அட்டை கைக்குக் கிடைக்காவிட்டால் ஆதார், ஓட்டுநர் உரிமம், பான் அட்டை, புகைப்படம் ஒட்டிய வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றில் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள்.