அந்த மழை விடாது, மகளே

கேள்வி: நான் கோவைக்காரி. வயது 23. செப்டம்பரில் மான்செஸ்டருக்கு எம்.எஸ்சி. படிக்க வந்தேன். சென்ற செவ்வாயன்று காலை ஒன்பது மணிக்கு வகுப்பு. ஜன்னலைப் பார்த்தால் மழை. விட்டதும் போகலாம் என்று படுத்தேன். விடவே இல்லை. மூன்றரை மணிக்கு எழுந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அன்று முழுவதும் நான்கு பிஸ்கட்தான் சாப்பாடு. ஐந்து மணிக்கு அம்மா வீடியோவில் அழைக்கும் முன் தலை சீவிப் பொட்டு வைத்துக்கொண்டேன். “இப்போதுதான் வகுப்பிலிருந்து வந்தேன்” என்றேன். இந்த மாதத்தில் இது ஐந்தாவது முறை. அப்பா கடன் வாங்கி அனுப்பியிருக்கிறார். பேசாமல் ஊருக்கே திரும்பிவிடட்டுமா?

– பெயர் வேண்டாம், மான்செஸ்டர்

பதில்:

அன்பு மகளுக்கு,

படிக்காதவனை ‘மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன்’ என்பார்கள். நீயோ மழையைக் காரணம் சொல்லிப் பல்கலைக்கழகத்துப் பக்கமே போகாமல் இருக்கிறாய். கோபித்துக்கொள்ளாதே. உன் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது. ‘விட்டதும் போகலாம் என்று படுத்தேன்.’ சிக்கல் அந்த ‘விட்டதும்’ என்ற சொல்லில்தான் இருக்கிறது.

கோவையில் மழை வந்தால் அடித்துப் பெய்யும். பேக்கரி வாசலில் ஒதுங்கி ஒரு டீ குடிப்பதற்குள் விட்டுவிடும். பெருமழை என்றால் கலெக்டரே விடுமுறை விட்டுவிடுவார். காத்திருந்தால் மழை விடும் என்பது நமக்குச் சிறு வயதிலிருந்தே படிந்த பழக்கம். மான்செஸ்டரில் அது செல்லாது. கணக்குப் பார்த்தால் சென்னையில்தான் மழை அதிகம்: ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மான்செஸ்டரில் 900 மி.மீ.கூடப் பெய்வதில்லை. ஆனால் அந்தக் கொஞ்சத்தையும் ஏறக்குறைய 150 நாட்களுக்குப் பிரித்து, தூறலும் சாரலுமாகச் சொட்டிக்கொண்டே இருக்கும். அந்த ஈரக் காற்றில் நூல் அறுந்துபோகாது என்பதும் அங்கே பஞ்சாலைகள் பெருகியதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. அந்தப் பெயரைத்தான் நம் கோவைக்கும் சூட்டி, ‘தென்னிந்தியாவின் மான்செஸ்டர்’ என்கிறோம். நூலுக்கு நல்லதெல்லாம் மனதுக்கும் நல்லது என்று நான் சொல்லவில்லை.

மழையைவிட எனக்குக் கவலை தருவது வெளிச்சம். நவம்பர் நடுவில் அங்கே நான்கேகால் மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். டிசம்பரில் நான்கு மணிகூட ஆகாது. மூன்றரை மணிக்கு எழுந்தால் அன்றைய பகலையே நீ பார்க்கவில்லை என்று பொருள். நான்கு நாள் பகலைப் பார்க்காவிட்டால் யாருக்கும் மனம் சுருண்டுதான் போகும். இதில் உன் குணக்கேடு ஒன்றுமில்லை. இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் எல்லோரும் தினமும் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்வது பற்றி யோசிக்கச் சொல்லி அந்நாட்டு சுகாதாரத் துறையே அறிவுறுத்துகிறது. மருந்துக்கடையில் மலிவாகக் கிடைக்கும், வாங்கிவிடு.

குடையை நம்பாதே. கிளாஸ்கோவில் படித்த என் அக்கா மகன் முதல் மாதத்திலேயே மூன்று குடைகளைக் காற்றுக்குக் கொடுத்தான். தலைமூடி வைத்த நல்ல மழைக்கோட்டு ஒன்று வாங்கு. பையில் பிளாஸ்டிக் உறைக்குள் உலர்ந்த காலுறை ஒரு ஜோடி எப்போதும் இருக்கட்டும். சிரிக்காதே. நசநசவென்று ஊறிய காலுறையோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். வகுப்பறைக்குள் நுழையும் முன் கழிவறையில் மாற்றிக்கொண்டால், ஏதோ புதிதாகப் பிறந்தது போல இருக்கும் என்பான் அவன்.

வகுப்பு இல்லாத நாளிலும் பதினோரு மணிக்கு முன் வெளியே வந்துவிடு. செயின்ட் பீட்டர்ஸ் சதுக்கத்தில் 1934-இல் திறந்த வட்ட வடிவ மத்திய நூலகம் இருக்கிறது. மாடியில் பெரிய கும்மட்டத்தின் கீழ் வாசிப்பறை. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் போய் உட்காரலாம். நீ படிக்காவிட்டாலும் பரவாயில்லை, நாலு பேர் படிப்பதைப் பார்த்துக்கொண்டிரு.

விடுபட்ட வகுப்புகளைப் பற்றி இன்றே உன் பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுது. மாணவர் விசாவில் வந்தவர்கள் ஒழுங்காகப் படிக்கிறார்களா என்று கவனிக்கும் பொறுப்பு பல்கலைக்கழகத்துக்கு உண்டு. அவர்கள் கேட்பதற்கு முன் நீயே சொல்லிவிடுவது நல்லது. வெளியே நடமாடத் தொடங்கி இரண்டு வாரமாகியும் சாப்பாடு இறங்காமல், படுக்கையை விட்டு எழ மனமில்லாமல் இருந்தால் டாக்டரைப் பார். விசாவுக்கு விண்ணப்பித்தபோதே ஆண்டுக்கு 776 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டியிருப்பாய், பார்க்கத் தயங்காதே. உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அந்த இரண்டு வாரமும் காத்திருக்க வேண்டாம். மனம்விட்டுப் பேச உதவும் சமாரிட்டன்ஸ் அமைப்பின் 116 123 என்ற எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம்.

ஊருக்குத் திரும்பும் பேச்சை மார்ச் வரை தள்ளிப்போடு. அதற்குள் பகல் நீண்டுவிடும். அப்போதும் திரும்பத் தோன்றினால் எழுது, பேசலாம்.

அம்மா விஷயம் ஒன்று பாக்கி. உனக்கு மாலை ஐந்து மணி என்றால் கோவையில் இரவு பத்தரை. அக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளியதிலிருந்து, உன் முகத்தைப் பார்க்க அவர் ஒரு மணி நேரம் கூடுதலாக விழித்திருக்கிறார். அடுத்த முறை அழைக்கும்போது தலை சீவ வேண்டாம். அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல் காயும் காலுறைகளைக் காட்டு. “சளி பிடிக்கப்போகிறது கண்ணு” என்று திட்டத் தொடங்குவார். திட்டட்டும்.