குறட்டை விடும் பையனுக்கு ஏடிஹெச்டியா?

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. வகுப்பில் ஒரு இடத்தில் உட்காருவதில்லை, எழுதும்போதே எழுந்து ஓடுகிறான், சின்ன விஷயத்துக்கும் கத்தி அழுகிறான். ஏடிஹெச்டியாக, அதாவது கவனக்குறைவும் அதீத துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறாக, இருக்கலாம் என்கிறார் டீச்சர். ராத்திரி வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டு நன்றாகத்தான் தூங்குகிறான். மாத்திரை ஆரம்பிக்கலாமா?

பதில்: மாத்திரையை அப்புறம் பார்ப்போம், முதலில் அந்தக் குறட்டை. குறட்டை விட்டால் அசந்து தூங்குகிறான் என்றுதான் நம் வீடுகளில் நினைக்கிறோம். ஆனால் சளி இல்லாத நாட்களிலும் வாரத்தில் 3 இரவோ அதற்கு மேலோ ஒரு குழந்தை குறட்டை விட்டால் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

ஒரு நாள் விடியற்காலை 4 மணிவாக்கில், பனியனை மேலே தூக்கிவிட்டு, அவன் தூங்குவதை ஐந்து நிமிடம் போனில் வீடியோ எடுங்கள், ஏனென்றால் இந்தத் தொந்தரவு பின்னிரவில்தான் அதிகம். கழுத்தைப் பின்னால் வளைத்துப் படுத்திருக்கிறானா, தலையணை வியர்வையில் நனைந்திருக்கிறதா, மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுகிறதா என்று பாருங்கள். முக்கியமாக, குறட்டை சட்டென்று நின்று, நெஞ்சு மட்டும் ஏறி இறங்க, சத்தமே இல்லாமல் சில நொடி போய், பிறகு திணறி ஒரு மூச்சு வாங்குகிறானா? அதுதான் ஸ்லீப் அப்னியா. இந்த வயதில் பெரும்பாலும் வீங்கிய டான்சிலும் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையும்தான் காரணம். இப்படி அடைக்கும்போது பல தடவை மூளை ஒரு கணம் விழித்துக்கொள்கிறது, காலையில் அவனுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது.

தூக்கம் கெட்டால் நாம் கொட்டாவி விட்டுச் சோர்ந்து உட்காருவோம். குழந்தைகள் பல நேரம் நேர்மாறு, ஓடுவார்கள், சிடுசிடுப்பார்கள், சொன்னது மண்டையில் ஏறாது. வகுப்பில் பார்க்கிறவருக்கு அது ஏடிஹெச்டி மாதிரியேதான் தெரியும்.

ஆகவே வீடியோவோடு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள், தேவைப்பட்டால் ஸ்லீப் ஸ்டடி, அதாவது தூங்கும்போது மூச்சையும் தூக்கத்தையும் பதிவு செய்யும் பரிசோதனை, செய்யச் சொல்வார். ஆபரேஷன் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். 2013-இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், 5 முதல் 9 வயதுக் குழந்தைகளுக்கு டான்சில், அடினாய்டு எடுத்த பிறகு தூக்கமும் நடத்தையும் நன்றாகவே தேறின, ஆனால் கவனத்தை அளக்கும் தேர்வில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆபரேஷன் செய்யாமல் காத்திருந்தவர்களிலும் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு 7 மாதத்தில் ஸ்லீப் ஸ்டடி முடிவு சரியாகிவிட்டது. லேசான அடைப்புக்கு மூக்கு ஸ்ப்ரேயே போதும் என்று மருத்துவர் சொல்லலாம்.

தூக்கத்தைக் கெடுக்கும் இன்னொன்றையும் பாருங்கள். படுக்கையில் கால்களை உதறிக்கொண்டே, பூச்சி ஊர்கிற மாதிரி இருக்கிறது என்கிறானா? அப்படியென்றால் உடலில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் ஃபெரிட்டின் 50-க்குக் கீழே இருந்தால் இரும்புச்சத்து தருவதுண்டு. நீங்களாக டானிக் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

சரி, ஏடிஹெச்டி இல்லவே இல்லையா? இருக்கலாம். இரண்டும் சேர்ந்தே இருக்கும் குழந்தைகள் நிறைய, ஏடிஹெச்டி உள்ள பல குழந்தைகளுக்கு இயல்பாகவே தூக்கம் தாமதமாகத்தான் வரும். அதனால் தூக்கத்தைச் சரிசெய்து சில மாதம் கழித்தும் வீடு, பள்ளி இரண்டிலும் அதே நிலை என்றால், குழந்தை மனநல மருத்துவர் சொல்லும் மாத்திரையைப் பயப்படாமல் கொடுங்கள், பெரும்பாலும் நன்றாக உதவும். சாயங்காலம் கொடுத்தால் அந்த மாத்திரையே தூக்கத்தைக் கெடுக்கலாம், எனவே நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதுவரை அவனை முன் பெஞ்சில் உட்கார வைக்கச் சொல்லி டீச்சரிடம் கேளுங்கள். ராத்திரி மூச்சுத் திணறிய பிள்ளை பகலில் திட்டும் வாங்க வேண்டாம்.