தவளை முட்டை முதிர்வதும் கைனேஸ்களும்: கேள்வி பதில்

கேள்வி: ஜெனோபஸ் என்ற ஆப்பிரிக்கத் தவளையின் முட்டையணு ஹார்மோன் வரும்வரை ஏன் தூங்குகிறது?

பதில்: தூங்கவில்லை, பிடித்து வைத்திருக்கிறார்கள். முதல் ஒடுக்கற்பிரிவின் தொடக்கத்திலேயே அது நிற்கிறது. பிடித்திருப்பது ஏ வகைப் புரதக் கைனேஸ்; கைனேஸ் என்றால் மற்ற மூலக்கூறுகளில் பாஸ்பேட்டை ஒட்டும் நொதி. சைக்ளிக் ஏஎம்பி என்ற செல்லின் உள்தூது மூலக்கூறு அதிகமாக இருக்கும்வரை அந்தப் பிடி தளராது. புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் பட்டதும் சைக்ளிக் ஏஎம்பி இறங்குகிறது. 1977-இல் மாலரும் கிரெப்ஸும் இந்தக் கைனேஸை முடக்கும் புரதத்தை ஊசியால் உள்ளே ஏற்றினார்கள். ஹார்மோனே இல்லாமல் முட்டை முதிர்ந்தது.

கேள்வி: முட்டையின் கரிய பாதியின் உச்சியில் வெண்புள்ளி வந்துவிட்டது. முதிர்ந்ததுதானே?

பதில்: புள்ளியை மட்டும் நம்பாதீர்கள். கொதிநீரில் இட்டு, பிளேடால் நெடுக்காக வெட்டுங்கள். உள்ளே வெளிறிய உருண்டை இருந்தால் உட்கரு இன்னும் கரையவில்லை, முட்டை முதிரவில்லை.

கேள்வி: உட்கருவை எடுத்துவிட்டால்?

பதில்: அப்போதும் எம்பிஎஃப், அதாவது முட்டையை முதிரத் தூண்டும் காரணி, உருவாகும். மசுயியும் மார்கெர்ட்டும் 1971-இல் காட்டியது.

கேள்வி: ஹார்மோன் அளவைக் கூட்டினால் முதிர்வின்போது விழிக்கும் இன்னொரு கைனேஸான மேப் கைனேஸின் வேகம் சீராக ஏறுகிறது. படிப்படியான மாற்றம்தானே?

பதில்: இருபது முட்டைகளை ஒன்றாக அரைத்தீர்களா? அங்கேதான் ஏமாந்தீர்கள். 1998-இல் ஃபெரலும் மாக்லெடரும் ஒவ்வொரு முட்டையையும் தனித்தனியே சோதித்தார்கள். நடுத்தர அளவு ஹார்மோனில் சிலவற்றில் கைனேஸ் முழுவேகத்தில், மற்றவற்றில் ஏறக்குறைய சுழியத்தில். பாதியில் நின்றவை அரிது. உங்கள் அழகிய சரிவுக்கோடு சராசரி செய்த வேலை. மோஸ், மெக் இரண்டும் கைனேஸ்களே: மோஸ் மெக்கைத் தூண்ட, மெக் மேப் கைனேஸைத் தூண்ட, அதுவோ மேலும் மோஸைச் சேர வைக்கிறது. எல்லையைத் தாண்டினால் திரும்ப வழியில்லை.

கேள்வி: வெண்புள்ளி மங்கலாக இருந்தால்...

பதில்: மேலே எழுதியிருக்கிறேன்.

மறுப்பு: மோஸ் இல்லாமல் முட்டை முதிராது என்று படித்தோமே!

பதில்: நானும் அப்படித்தான் படித்தேன். மோஸ் உருவாவதைத் தடுத்தாலும் உட்கரு கரைகிறது என்று பின்னால் வந்த சோதனைகள் காட்டின.

மறுப்பு: மோஸை மட்டும் ஏற்றினாலே முதிர்கிறதே?

பதில்: முதிரும். கதவைத் திறக்க அந்தச் சாவி போதும். அது ஒன்றுதான் சாவி என்று ஆகிவிடாது. மோஸ் கட்டாயம் வேண்டிய இடம் அடுத்தது. அது இல்லாவிட்டால் இரு பிரிவுகளுக்கும் நடுவே டிஎன்ஏ மறுபடி நகலாகிவிடும். கருவுறும்வரை இரண்டாம் பிரிவின் நடுநிலையில் முட்டை நிற்காது. 

கேள்வி: பெரிய வெண்புள்ளி என்றாலும் நம்பக்கூடாதா?

பதில்: பிளேடை எடுங்கள்.