மூக்கு ஒரு பக்கம் மாற்றி ஒரு பக்கம் அடைக்கிறதே, இது சைனஸா?

கேள்வி: வயது 34. சளி, தும்மல் எதுவும் இல்லை. ஆனால் காலையில் வலது மூக்கு அடைத்திருக்கிறது, மதியம் அது திறந்து இடது அடைத்துக்கொள்கிறது. இரவில் எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தாலும் அந்தப் பக்கம் அடைக்கிறது. ஒரு மாதமாகக் கடையில் வாங்கிய மூக்கடைப்புச் சொட்டு மருந்து போடுகிறேன். சைனஸ் பிரச்சினையா டாக்டர்?

பதில்: அடைப்பு பக்கம் மாறுவதை நினைத்துப் பயப்பட வேண்டாம். எனக்குக் கவலை தருவது அந்தச் சொட்டு மருந்துதான், அதற்குப் பிறகு வருகிறேன்.

மூக்கின் உள்பக்கச் சுவரில் இரு புறமும் டர்பினேட் என்ற சதை மூடிய எலும்பு மடிப்புகள் இருக்கின்றன. அந்தச் சதைக்குள் நிறைய ரத்தக் குழாய்கள். ஒரு பக்கம் ரத்தம் நிரம்பிச் சதை உப்பும்போது மறுபக்கம் சுருங்கிவிடும், சில மணி நேரம் கழித்து அப்படியே மாறும். நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத தானியங்கி நரம்புகள் இதைப் பார்த்துக்கொள்கின்றன. கைசர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1895-லேயே இதை விவரித்து எழுதிவிட்டார். இரண்டு பக்கமும் சேர்த்து உள்ளே போகும் காற்று பெரிதாகக் குறைவதில்லை என்பதால் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. ஒரு சின்னக் கண்ணாடியை மூக்குக்குக் கீழே பிடித்து மூச்சு விட்டுப் பாருங்கள், இரண்டு பக்கமும் படியும் ஆவியில் ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருக்கும். இரண்டு மூன்று மணி நேரம் விட்டு மறுபடி பார்த்தால் பெரும்பாலும் பக்கம் மாறியிருக்கும், எல்லோருக்கும் ஒரே சீராக மாறாது. ஒருக்களித்துப் படுத்தால் கீழ்ப்பக்கம் அடைப்பதும் இயல்புதான்.

சரி, சொட்டு மருந்து. ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் வகை மருந்துகள் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். சில நாட்களுக்கு மேல் தொடர்ந்து போட்டால் மருந்தின் வேகம் இறங்கியதும் சதை முன்னைவிட அதிகமாக வீங்கும், நீங்கள் மறுபடி போடுவீர்கள், இப்படியே போகும். ஒரு மாதம் மிக அதிகம், தயவுசெய்து நிறுத்துங்கள். நிறுத்தியதும் சில நாட்கள் அடைப்பு கூடத்தான் செய்யும், அப்போது உப்புநீர்ச் சொட்டு கொஞ்சம் உதவும், தாங்க முடியாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள், மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே தேவையா என்று பார்த்துத் தருவார்.

எப்போதும் ஒரே பக்கம்தான் அடைக்கிறது, அந்தப் பக்கம் ரத்தமோ நாற்றமடிக்கும் சளியோ வருகிறது, வாசனை தெரியவில்லை என்றால் கதை வேறு. நடுத்தண்டு வளைவு, சதை வளர்ச்சி போன்றவை இருக்கலாம், காது மூக்கு தொண்டை மருத்துவரை நேரில் பார்த்துவிடுங்கள்.