மெல்லாமல் விழுங்கும் நாய்க்குப் பச்சை எலும்பைப் பழக்குவது எப்படி?

கேள்வி: எங்கள் மூன்று வயது லாப்ரடாரின் எடை 30 கிலோ. இதுவரை உலர்தீவனமும் தயிர்ச்சோறும் சாப்பிட்டு வந்த அதனை அண்மையில் பச்சை இறைச்சிக்கு மாற்றினோம். கோழிக்கழுத்தைக் கொடுத்தால் மெல்லாமல் விழுங்கிவிட்டு, மறுநாள் காலை எலும்புத்துண்டுகளை வாந்தி எடுக்கிறது. எலும்பையே நிறுத்திவிடலாமா?

பதில்: முழுக் கழுத்தை இப்போதைக்கு நிறுத்துங்கள், எலும்பை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. இறைச்சியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு என்பதால், எலும்பில்லாத கறியை மட்டுமே நெடுநாள் தின்னும் நாயின் உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துக்கொள்ளத் தொடங்கும்.

உங்கள் நாய் எலும்பைச் செரிக்கவும் பழக வேண்டும், மெல்லவும் பழக வேண்டும். செரிப்பது பெரும்பாலான நாய்களுக்குச் சில வாரங்களில் கைகூடிவிடும். மெல்லுவதோ, லாப்ரடார் போன்ற பெருந்தீனி இனங்களில் சில நாய்களுக்குக் கடைசிவரை வருவதில்லை. எனவே செரிமானத்திலிருந்து தொடங்குவோம். தோல் நீக்கிய கழுத்தை எலும்போடு சேர்த்து இறைச்சி அரைக்கும் இயந்திரத்தில் அரைத்து (வீட்டு மிக்ஸி இதற்குத் தாங்காது), வழக்கமான கறியுடன் கலந்து கொடுங்கள். 30 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு 600 முதல் 750 கிராம் உணவு தேவைப்படும். அதில் பத்தில் ஒரு பங்கு எலும்பாக இருந்தால் போதும். தோலில்லாத கழுத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் எலும்பு இருப்பதால், 200 கிராம் கழுத்திலேயே அந்த அளவு கிடைத்துவிடும். முதலில் 50 கிராமில் தொடங்குங்கள்.

எப்போது கூட்டுவது என்பதை நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்; மலத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அது வெளுத்து, இறுகி, சாக்பீஸ் போல உதிர்ந்தால் எலும்பு மிகுந்துவிட்டது என்று பொருள். இளகிப்போனால், எலும்பைக் கூட்டுவதற்கு முன் ஈரலையும் கொழுப்பையும் குறைத்துப் பாருங்கள். ஈரல் மொத்த உணவில் 5 விழுக்காட்டைத் தாண்டத் தேவையில்லை.

அரைத்த எலும்பு சிக்கலின்றிச் செரித்த பிறகே முழுத்துண்டுக்குச் செல்ல வேண்டும். அப்போதும் கழுத்து வேண்டாம். லாப்ரடாரின் வாய்க்கு அது ஒரே விழுங்கு. தொடையும் காலும் சேர்ந்த பெரிய துண்டைப் பாதி உறைந்த நிலையில், பாதி உணவு கொடுத்துப் பசி சற்று அடங்கிய பிறகு, மறுமுனையைக் கையுறை அணிந்து பிடித்தபடி கொடுங்கள். இழுத்துக் கடிக்க வேண்டியிருக்கும்போது தாடை தானாகவே வேலை செய்யத் தொடங்கும். கையிலிருக்கும் உணவுக்காக உறுமும் நாயிடம் மட்டும் இதைச் செய்யாதீர்கள். பலமுறை முயன்றும் விழுங்கவே முற்பட்டால், வாழ்நாள் முழுவதும் அரைத்தே கொடுக்கலாம். முழு எலும்பை மெல்லுவதே இயற்கை என்ற வாதத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கால்சியத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே.

வேகவைத்த எலும்பு, குழம்பிலிருந்தோ பிரியாணியிலிருந்தோ எடுத்துக் கழுவியதாக இருந்தாலும், கூராக உடைந்து குடலைக் கிழிக்கக்கூடும். மாட்டின் கால் எலும்பும் ஆட்டின் நல்லியும் பச்சையாக இருந்தாலும் மேல்கடைவாய்ப் பல்லைப் பிளக்கும் அளவுக்குக் கடினமானவை; நகத்தால் அழுத்தினால் தடம் பதியாத எதையும் கடிக்கக் கொடுக்காதீர்கள்.

பச்சைக் கோழியில் சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் கிருமிகள் இருக்கக்கூடும், உறையவைப்பதால் அவை முற்றிலும் அழிவதில்லை. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் பச்சை இறைச்சி உணவை ஊக்குவிக்காததற்கு இதுவே முதன்மைக் காரணம். வீட்டில் கைக்குழந்தையோ, கர்ப்பிணியோ, நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவரோ இருந்தால், வேகவைத்த எலும்பில்லாக் கறியுடன், கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி வீதம் மாவாக அரைத்த முட்டையோட்டுத் தூளைக் கலந்து கொடுப்பதே என் பரிந்துரை.

எப்போதாவது ஒருமுறை சிறு எலும்புத்துண்டை வாந்தி எடுத்துவிட்டு நாய் வழக்கம்போல ஓடியாடினால் அஞ்ச வேண்டாம். ஆனால் திரும்பத் திரும்பக் குமட்டுவது, எச்சில் ஒழுகுவது, வயிறு உப்புவது, முக்கியும் மலம் வராதது, மலத்தில் இரத்தம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், எண்ணெயோ வாழைப்பழமோ கொடுத்துக் காத்திருக்காமல், அன்றே எக்ஸ்-ரே வசதியுள்ள கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.